புரொஜெக்டருக்கு வெள்ளைத் திரையா, சாம்பல் திரையா: கேட்டதும் சொன்னதும்

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, சாம்பல் திரை போட்டால் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும் என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை, தம்பி. சாம்பல் கறுப்பை மட்டும் குறைப்பதில்லை, வெள்ளையையும் அதே பங்குக்குக் குறைக்கும். கெய்ன் என்பது திரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்ற அளவு; கெய்ன் 1.0 வெள்ளைக்குப் பதில் 0.8 சாம்பல் போட்டால் முழுப் படமும் ஐந்தில் ஒரு பங்கு மங்கும், முழு இருட்டு அறையில் கொன்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், அதிகமாகாது. ஆனால் எங்கள் தொடர்மாடி ஹோல்களில் சுவரும் சீலிங்கும் வெள்ளை அல்லது கிரீம்தானே, திரையிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் அவற்றில் பட்டுத் திரும்பவும் திரைக்கே வந்து கறுப்பை வெளுக்க வைக்கும். அந்த வெளிச்சம் சாம்பல் திரையில் இரண்டு தடவை குறைகிறது, படம் ஒரு தடவைதான். லாபம் அங்கேதான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: என்னிடம் 200 ஆன்சி லூமன்ஸ் (வெளிச்ச அளவு) புரொஜெக்டர். 100 அங்குலத்துக்கு எது?

வெள்ளை, யோசிக்கவே வேண்டாம். 100 அங்குலத் திரை கிட்டத்தட்ட 30 சதுர அடி, ஒரு சதுர அடிக்கு 7 லூமன்ஸ்கூட வராது. டிஜிட்டல் சினிமாத் தியேட்டருக்கு வைத்திருக்கும் அளவு 14 ஃபுட் லாம்பர்ட், அதாவது கெய்ன் 1.0 திரையில் சதுர அடிக்கு 14 லூமன்ஸ். படத்தை 70 அங்குலமாகச் சுருக்குங்கள், பரப்பு பாதியாகி அந்த அளவுக்குக் கிட்ட வந்துவிடுவீர்கள்.

தெஹிவளையிலிருந்து: கடல் பக்க யன்னல். பின்னேரம் மேட்ச் பார்க்க சாம்பல் உதவுமா?

சாதாரண சாம்பல் உதவாது. வெயிலையும் படத்தையும் ஒரே பங்குக்குத்தான் அது குறைக்கும். முதலில் தடித்த கேர்ட்டின் போடுங்கள், அதற்குப் பிறகும் போதாவிட்டால் ஏஎல்ஆர் திரை பாருங்கள், அது அறை வெளிச்சத்தை, வரும் திசையைப் பார்த்து ஒதுக்குவது. ஒரு விஷயம் கட்டாயம் கவனியுங்கள்: யூஎஸ்டி, அதாவது திரைக்கு மிகக் கிட்டக் கீழே வைக்கும் புரொஜெக்டருக்கென்று விற்கும் ஏஎல்ஆர் திரை கீழிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் எடுக்கும், சீலிங்கில் மாட்டிய புரொஜெக்டருக்கு அதை வாங்கினால் படம் இருண்டுபோகும், காசும் போச்சு.

பம்பலப்பிட்டியிலிருந்து: சுவருக்குச் சாம்பல் பெயின்ட் அடித்தால் போதாதா அண்ணா?

போதும் தங்கச்சி, பளபளப்பில்லாத மட் பெயின்டாக இருந்தால். நீலச் சாயல் கலந்த சாம்பல் வேண்டாம், ஆட்களின் முகமெல்லாம் நீலம் பாரிக்கும். பெயின்ட் வாங்குமுன் புத்தகக் கடையில் வெள்ளையிலும் சாம்பலிலும் ஒவ்வொரு பிரிஸ்டல் போர்ட் எடுத்துச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, இரவுக் காட்சி ஒன்றையும் நல்ல வெயில் காட்சி ஒன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். வெயில் காட்சி சாம்பலில் சோர்ந்து தெரிந்தால் வெள்ளையே அடியுங்கள்.