திருகோணமலையிலிருந்து கதிர்காமம்: எந்த ஊரில் வாங்குவது, எவ்வளவு சுமப்பது

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலையில் ஒரேயடியாக ஒரு மாத லீவு கிடைக்காதாம், அதனால் கதிர்காமப் பாதயாத்திரையை மூன்று துண்டாக நடக்கப் போகிறார். சித்திரை வருடப்பிறப்பு லீவோடு சேர்த்து ஏழு நாளில் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு, அடுத்த லீவில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில், ஆடிவேல் திருவிழாவை ஒட்டிக் குமண, யால காட்டுப் பாதையை யாத்திரிகர்களுக்குத் திறந்ததும் கடைசித் துண்டு. கூட ஒரு நண்பர் வருகிறார். "ஏழு நாளுக்கும் சாமானை இங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போவதா, வழியில் வாங்குவதா? வழியெல்லாம் அன்னதானம் கிடைக்கும், ஒன்றும் கொண்டு போகத் தேவையில்லை என்று அம்மா சொல்கிறா." இதுதான் அவருடைய கேள்வி.

அம்மா சொல்வது யாத்திரைக் காலத்துக்குச் சரி. வேல் தூக்கிக்கொண்டு கூட்டமாகப் போகிறவர்களுக்குக் கோயிலுக்குக் கோயில் சோறு இருக்கும், சந்திக்குச் சந்தி யாராவது மோரோ சர்க்கரைத் தண்ணீரோ வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் சித்திரையில் நீங்கள் இரண்டு பேர் தனியாக நடந்து வந்தால் உங்களை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள், பந்தலும் இருக்காது, கோயிலில் பூசை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே முதல் இரண்டு துண்டுக்கும் அன்னதானத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். கிடைத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள்.

அதற்காக ஏழு நாள் சாமானையும் முதுகில் ஏற்றாதீர்கள். நான் முதல்முறை போனபோது அப்படித்தான் செய்தேன். நாலு கிலோ அரிசி, பருப்பு, சீனி, இரண்டு தேங்காய், ஒரு சட்டி. கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதே தோள்பட்டை எரியத் தொடங்கிவிட்டது. வெருகல் வரை இழுத்துக்கொண்டு போய், மிச்ச அரிசியைக் கோயிலில் கொடுத்துவிட்டுத்தான் ஒழுங்காக நடக்க முடிந்தது. அதே அரிசி மூதூரிலும் இருக்கிறது, வாழைச்சேனையிலும் இருக்கிறது, இதை வீட்டில் ஒரு தாளில் ஊர்களை வரிசையாக எழுதிப் பார்த்திருந்தாலே விளங்கியிருக்கும்.

நீங்களும் அந்தத் தாளிலிருந்தே தொடங்குங்கள். நாளை எண்ணாமல், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் எத்தனை மணி நேர நடை என்று பாருங்கள். மட்டக்களப்பு வரை சுமார் 130 கிலோமீற்றர், ஏழு நாளுக்கு ஒரு நாளில் பதினெட்டு இருபது வரும், வெயிலில் அது போதும். சீனன்குடா, கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி, சேருநுவர என்று முதல் மூன்று நாலு நாள் கடைகளுக்குக் குறைவில்லை, அந்த நாட்களில் பையில் ஒரு நேரச் சாப்பாடும் கொறிக்க ஏதாவதும் இருந்தால் போதும். வெருகலைத் தாண்டியதும் நிலைமை மாறும். கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி என்று ஊர்கள் இருக்கின்றனதான், ஆனால் இடைவெளி நீளம், நிழலும் குறைவு, கடை என்றால் பிஸ்கட்டும் சோடாவும் வாழைப்பழமும் வைத்திருக்கும் சின்னக் கடை, அதுவும் உச்சிப்பொழுதில் பூட்டியிருக்கலாம். அதனால் சேருநுவரவிலோ வெருகலிலோ ஒன்றரை நாளுக்குரிய சாமானை நிரப்பிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றருக்குக் குறையக்கூடாது. ஓட்டமாவடி, வாழைச்சேனை வந்ததும் மறுபடி எல்லாம் கிடைக்கும்.

உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது வருடப்பிறப்புத்தான். ஏப்ரல் 13, 14 ஐ ஒட்டித் தமிழ் ஊர்களில் கடை பூட்டியிருக்கும், சேருநுவர போன்ற சிங்கள ஊர்களில் அதற்குப் பிறகும் சில நாள் பூட்டியே இருக்கும், சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிற பொடியன்கள் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள். அந்த நாட்களில் கிண்ணியா, மூதூர், ஓட்டமாவடி, ஏறாவூர்க் கடைகள்தான் உங்களுக்குக் கை கொடுக்கும். அங்கே வெள்ளிக்கிழமை வேறு கணக்கு. ஜும்மாவுக்காக நண்பகலில் கடைகளைப் பூட்டிவிடுவார்கள், பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் ஒன்றரை வரை காத்திருக்க வேண்டிவரும். எந்தக் கிழமை எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் நாலு நாள் பிந்திப் புறப்படுங்கள்.

விரதம் என்று சைவமாகப் போகிறவர்களுக்கு இந்தப் பக்கக் கடைகளில் சமைத்த சாப்பாடு குறைவாகத்தான் கிடைக்கும். பாண், பழம், பிளேன்ரீ, தயிர் இதற்குக் குறைவிருக்காது. தயிர் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள்.

சரி, ஆளுக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு? அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் இருபது கிலோமீற்றர் சுமையோடு நடந்தால் ஏறத்தாழ 2600 முதல் 2800 கலோரி வேண்டும். எல்லாவற்றையும் உலர்ந்த சாமானாகக் கொண்டுபோனால் அது 650, 700 கிராமுக்குள் அடங்கும். நான் கட்டும் பை இப்படி: அவல் 250 கிராம், வறுத்த கச்சான் 100, பேரீச்சம்பழம் 100, கிரீம் கிராக்கர் 100, பனங்கட்டி 75. அடுப்பு மூட்டவே முடியாமல் போனாலும் இதை வைத்து ஒரு நாளை ஓட்டிவிடலாம். அவலைக் காலையில் போத்தல் தண்ணீரில் கொஞ்சம் நனைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்து, பனங்கட்டியைக் கல்லில் தட்டித் தூவினால் சாப்பாடு தயார். சிவப்பு அவல் வாங்குங்கள், ஊறினாலும் கரையாமல் கையில் நிற்கும். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனித் துணிப்பை தைத்து, மேலே நாளை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு நாளிலேயே கச்சான் முழுவதும் முடிந்துவிடும்.

முதல் நாளுக்கு வீட்டிலிருந்து புளிச்சாதம் கட்டுங்கள். நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறி, ஆறவிட்டு, வாட்டிய வாழையிலையில் கட்டினால் பின்னேரம் வரை கெடாது. தேங்காய்ப்பூப் போட்ட பிட்டும் பாற்சோறும் வேண்டாம், அந்த வெயிலில் மத்தியானமே புளித்துவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் அந்தத் துண்டு அதோடு முடிந்துவிடும், ஆகவே உடம்பில் வற்றும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூள் பக்கெட் நாலைந்து எடுத்து வையுங்கள். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், அதற்குக் குறையக்கூடாது.

இரண்டாவது துண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊரும் கடையும் விட்டுவிட்டல்ல, தொடர்ந்து வரும், வெறும் தண்ணீர்ப் போத்தலோடு நடக்கலாம். திருக்கோவில் தாண்டிச் சங்கமன்கண்டி, கோமாரிப் பக்கம்தான் கொஞ்சம் வெளி.

காடு வேறு. பொத்துவில்தான் எல்லாம் வாங்கக்கூடிய கடைசி ஊர், பாணமையில் விடுபட்டதைப் பார்க்கலாம், காட்டு வாசலில் இருக்கும் உகந்தையில் திருவிழாக் காலத்துக் கடைகளை நம்பிப் போகாதீர்கள். அங்கிருந்து வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று கதிர்காமம் வர நாலைந்து நாள் எடுக்கும். சில வருடங்களாகக் காட்டுக்குள்ளும் தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்கள், சோறும் கொடுக்கிறார்கள், அப்படிக் கொடுப்பவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனாலும் அந்த இடத்துக்கு நீங்கள் போகும் நேரத்தில் தாங்கி வெறுமையாக இருக்கலாம். ஐந்து நாள் பையும் மேலதிகமாக ஒரு நாள் பையும் கட்டாயம் உங்கள் தோளிலேயே இருக்க வேண்டும். மேலே சொன்ன பையோடு ஒரு பிடி பருப்போ சோயாமீற்றோ சேர்த்தால் ஆறு நாளுக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் ஐந்து லீற்றர் பிடிக்கப் போத்தல் வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஒன்பது கிலோவுக்கு மேல் போகும், அதனால் உடுப்பைக் குறையுங்கள், இரண்டு வேட்டி போதும். சட்டியை இரண்டு பேருக்கும் ஒன்றாக எடுங்கள்.

ஆற்றில் தண்ணீர் எடுக்கும் விதத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குமுக்கனில் நூற்றுக்கணக்கானவர்கள் குளிப்பார்கள், ஓடுகிற தண்ணீரை அப்படியே போத்தலில் பிடிக்காதீர்கள். குளிக்கும் இடத்துக்கு மேலே போய், கரையோர மணலைச் சிரட்டையால் முழங்கை ஆழத்துக்குத் தோண்டுங்கள். முதலில் வருவது கலங்கல், அதை இறைத்து ஊற்றுங்கள், இன்னொருமுறை இறையுங்கள். மூன்றாவது முறை அடியிலிருந்து மணல் மெதுவாகக் கொப்பளித்துத் தெளிந்த தண்ணீர் ஊறும். வேட்டித் தலைப்பை நாலாக மடித்து அதன் வழியே போத்தலில் வடியுங்கள், அப்புறம் கொதிக்கவைக்க வேண்டும், விறகுக்கு வழி இல்லையென்றால் குளோரின் வில்லை. ஆற்றங்கரையில் தனியாக ஓரமாக ஒதுங்காதீர்கள், முதலை இருக்கும் ஆறு.

இரவில் பழுத்த வாழைப்பழத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டாம், யானைக்கும் குரங்குக்கும் வாசம் போகும். பொலித்தீன் ஒன்றும் உள்ளே கொண்டுபோகாதீர்கள், பிஸ்கட்டைக்கூடப் பொத்துவிலிலேயே உறையைப் பிரித்துத் துணிப்பைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு வேலை மட்டும் இந்த மாதத்துக்குள் செய்யுங்கள் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்து, வெருகலிலிருந்து மாங்கேணி வரை எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் கிணறு, எந்த இடத்தில் மரநிழல் என்று குறித்துக்கொண்டு போங்கள். திரும்பி வரும்போது வாகரையில் இறங்கி, அந்தச் சின்னக் கடைக்காரர்களிடம் வருடப்பிறப்புக் கிழமையில் திறப்பீர்களா என்று நேரே கேட்டுவிடுங்கள்.