கடலடிக் கேபிள் கரையேறும் இடம்: வாசகர் கேள்வி–பதில்

கடலடிக் கேபிள்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் கரையோடு தொடர்புடையவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் இணையக் கேபிள்கள் கடலிலிருந்து கரைக்கு வரும் இடத்தை நேரில் பார்க்க முடியுமா? அங்கே என்ன இருக்கும்?

பதில்: இடத்துக்குப் போகலாம், ஆனால் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இராது. மணற்பரப்பு முடிகிற இடத்தில், சாலையோரத்திலோ வண்டிகள் நிறுத்தும் திடலிலோ கனத்த இரும்பு மூடி ஒன்று தெரியும். இங்கே நங்கூரம் பாய்ச்சக் கூடாது என்று கடலை நோக்கி எச்சரிக்கும் பலகை ஒன்றும் சில இடங்களில் நிற்கும். அந்த மூடிக்கு அடியில், ஆள் இறங்கி வேலை செய்யும் அளவுக்கு ஒரு கான்கிரீட் அறை இருக்கிறது. கடலிலிருந்து வரும் கேபிள் அதற்குள் நுழைந்து, சுவரோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டு, நிலத்துக் கேபிளுடன் இணைக்கப்படுகிறது. கடற்கேபிளில் ஒளியிழைகளும் மின்சாரம் செல்லும் செம்பு உறையும் ஒன்றாகவே இருக்கும். அறைக்கு வந்த பிறகு அவை பெரும்பாலும் தனித்தனிக் கேபிள்களாகப் பிரிந்து, நிலத்தடிக் குழாய்கள் வழியாகக் கரையேற்ற நிலையத்துக்குச் செல்கின்றன. அந்த நிலையம் சில நூறு மீட்டர் தொலைவில் இருக்கலாம். பல கிலோமீட்டர் உள்ளே தள்ளியும் இருக்கலாம். சன்னல் குறைந்த, பெயர்ப்பலகை இல்லாத சாதாரணக் கட்டடமாக அது இருப்பது தற்செயல் அன்று.

கேபிளைக் கரைக்கு இழுக்கும் நாளில் மட்டும் வேடிக்கை பார்க்க நிறைய உண்டு. கேபிள் கப்பல் ஆழமற்ற நீருக்குள் வர முடியாது என்பதால் கரைக்கு வெளியே, அலை தணிந்த நாளாகப் பார்த்து நின்றுகொள்கிறது. சிறு படகு ஒன்று முதலில் ஒரு கயிற்றைக் கரைக்குக் கொண்டுவருகிறது. அந்தக் கயிற்றின் மறுமுனையில் கட்டப்பட்ட கேபிளைக் கரையில் நிற்கும் இழுவை இயந்திரம் இழுக்க இழுக்க, கப்பலில் இருப்பவர்கள் சில மீட்டருக்கு ஒன்றாக மிதவைகளைக் கட்டி அதை நீரில் விடுகிறார்கள். முனை கரைக்கு வந்து சேர்ந்ததும், முக்குளிப்பவர்கள் மிதவைகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடுகிறார்கள். கேபிள் தான் கிடக்க வேண்டிய வரிசையில் கடலடியில் படிகிறது. அலையடிக்கும் பகுதியில் அதன்மேல் இரண்டு பாதிகளாகப் பொருந்தும் வார்ப்பிரும்புக் குழாய்களைப் பூட்டிப் புதைத்துவிடுவார்கள். மணலில் தோண்டிய பள்ளத்தையும் மூடிவிட்டால், சில நாட்களில் அங்கே வேலை நடந்த தடமே தெரியாது.

கடல் ஆழமாக ஆகக் கேபிளும் தடிக்கும் என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கேபிளின் விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ. மட்டுமே. அதே கேபிள் கரையை நெருங்கும்போது எஃகுக் கம்பிகளை ஒரு சுற்றாகவோ இரண்டு சுற்றாகவோ அணிந்து 4 அல்லது 5 செ.மீ. வரை பருக்கிறது. ஆழ்கடலில் அதைத் தொந்தரவு செய்ய யாரும் இல்லை. கரையருகில்தான் நாம் இருக்கிறோம்.

கேள்வி: வசதியான பெரிய துறைமுகங்கள் இருக்கும்போது, ஏன் பெயர் தெரியாத கடற்கரைகளைத் தேடிப் போகிறார்கள்?

பதில்: துறைமுகம் என்றால் கப்பல், கப்பல் என்றால் நங்கூரம். உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை நிகழும் கடலடிக் கேபிள் பழுதுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் மீன்பிடிக் கருவிகளும் நங்கூரங்களுமே. அவற்றுள் பெரும்பாலானவை ஆழமற்ற கடற்பகுதியில் நேர்பவை. ஆகவே கப்பல் புழங்கும் இடத்தைத் தவிர்ப்பதே முதல் விதி.

இந்த அறிவு ஒளியிழைக்கு மிக முந்தையது. 1870இல் இங்கிலாந்தையும் மும்பையையும் தந்தியால் இணைத்தவர்கள், பிரிட்டன் பக்கத்து முனையை முதலில் ஃபால்மத் துறைமுகத்தில் கரையேற்றவே திட்டமிட்டிருந்தார்கள். அங்கே நங்கூரங்களால் கேபிள் அறுபடும் என்று அஞ்சி, கார்ன்வால் மாவட்டத்தின் கோடியில் உள்ள போர்த்கர்னோ என்னும் சிறு வளைகுடாவுக்கு அதை மாற்றினார்கள். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகத் தந்திப் போக்குவரத்தின் பெரும் மையங்களுள் ஒன்றாக அந்தச் சிற்றூர் விளங்கியது. தந்தி நிலையம் 1970இல் மூடப்பட்டு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆனால் கேபிள்கள் அந்தக் கரையை விட்டுப் போய்விடவில்லை; ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்க 1997இல் போடப்பட்ட ஃபிளாக் ஒளியிழைக் கேபிளும் அங்கேதான் கரையேறியது.

நங்கூரத்தைத் தவிர்த்த பிறகு பார்க்க வேண்டியவை வேறு உண்டு. கரை மென்சரிவாக இறங்க வேண்டும். அடியில் கேபிளைப் புதைக்கப் போதிய மணல் இருக்க வேண்டும். பாறை முனைகளில் உராய்ந்து கேபிள் தேயும். ஆற்று முகத்துவாரத்தில் வெள்ளம் அடிமண்ணை அரித்து அதை வெளியே தள்ளிவிடும். பவளத்திட்டுகளின் ஊடே போக அனுமதி கிடைப்பது அரிது. மணற்கரை ஒரு பருவத்தில் வளர்ந்து மறு பருவத்தில் தேய்வது இயல்பு என்பதால், மிகத் தேய்ந்த நாளிலும் கேபிள் வெளியே தெரியாத ஆழத்தைக் கணக்கிட்டாக வேண்டும். இவையெல்லாம் பொருந்திய கரை கிடைத்தாலும், நம்பகமான மின்சாரமும் உள்நாட்டு நகரங்களுக்குச் செல்லும் வலுவான இணைப்பும் அருகில் இல்லையென்றால் பயனில்லை. கடலோர நிர்வாகம், மீன்வளத் துறை, கடற்படை, சுற்றுச்சூழல் துறை என்று அனுமதி கேட்க வேண்டிய வாசல்களும் பல. கடலில் கேபிளைப் போட ஆகும் காலத்தைவிடக் கரையில் அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் நீண்டுபோவது இத்துறையில் வழக்கமான கதை.

கேள்வி: அப்படியானால் கேபிள்கள் பல கரைகளில் பரவியிருக்க வேண்டும். ஆனால் உலக வரைபடத்தில் சில புள்ளிகளில் மட்டும் கொத்துக் கொத்தாகக் குவிந்திருக்கின்றனவே?

பதில்: நல்ல கேள்வி. இதற்குப் புவியியல் பாதிக் காரணம், பழக்கம் மறுபாதி. பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ஃபோர்த்தலேசா நகரத்தைப் பாருங்கள். தென் அமெரிக்கா அட்லாண்டிக்குக்குள் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியில் அது இருப்பதால், ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அங்கிருந்து தொலைவு குறைவு. அந்நகரின் பிரையா டோ ஃபுத்தூரோ கடற்கரையில் பத்துக்கும் மேற்பட்ட கேபிள்கள் கரையேறுகின்றன. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை அதே கரையில் அமைக்கத் திட்டமிட்டபோது, நீரெடுக்கும் குழாய்கள் கேபிள்களுக்கு அருகே வருவதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. ஒரு கரையில் இவ்வளவு குவிந்துவிட்டால் அந்தக் கரையை வேறு எதற்கும் பயன்படுத்துவது சிக்கலாகிவிடுகிறது.

எகிப்தின் நிலை இன்னும் தனியானது. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் கேபிள்களில் மிகப் பல செங்கடல் வழியே வந்து எகிப்தில் கரையேறி, நிலத்தைக் கடந்து, அலெக்சாந்திரியாவை ஒட்டிய கரையில் மறுபடி மத்தியத்தரைக் கடலுக்குள் இறங்குகின்றன. அங்கிருந்து பல கேபிள்கள் போய்ச் சேரும் இடம் பிரான்சின் மார்செய். 2008 ஜனவரியில் அலெக்சாந்திரியாவுக்கு அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது, மத்தியக் கிழக்கிலும் இந்தியத் துணைக்கண்டத்திலும் இணையம் தள்ளாடியது.

பழக்கம் என்று சொன்னதற்கும் விளக்கம் வேண்டும். ஒரு கரையில் ஒரு கேபிள் வந்துவிட்டால், அங்கே நிலையம் இருக்கிறது, குழாய் இருக்கிறது, அனுமதி பெறும் வழிமுறை தெரிந்திருக்கிறது, மற்றக் கேபிள்களோடு இணையும் வசதியும் இருக்கிறது. அடுத்து வருபவர் வேறு கரையைத் தேட வேண்டுமானால் இவை அனைத்துக்கும் புதிதாகச் செலவிட வேண்டும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் சரிதான். கூட்டிப் பார்த்தால் ஒரே புயலில் எல்லாம் போகக்கூடிய நிலை வந்துவிடுகிறது. 2012இல் சாண்டி புயல் நியூயார்க், நியூஜெர்சி கரைகளைத் தாக்கிய பிறகே, அட்லாண்டிக் கேபிள்கள் அந்தப் பகுதியில் குவிந்திருப்பதைப் பற்றிய கவலை செயலாக மாறியது. 2017இல் போட்டு முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 6,600 கி.மீ. நீளமுள்ள மாரேயா கேபிள் தெற்கே தள்ளி வர்ஜீனியா பீச்சில் தொடங்கி, ஸ்பெயினின் பில்பாவோ நகருக்கு அருகே கரையேறுகிறது. அதன் பின்னர் வேறு சில கேபிள்களும் வர்ஜீனியா பீச்சுக்கே வந்தன. அங்கும் குவியல் தொடங்கிவிட்டதோ என்று கேட்டால், ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

குவியலைப் பற்றிக் கவலைப்படக்கூட வசதியில்லாத நாடுகளும் உண்டு. டோங்காவுக்கு வெளியுலகத்தோடு இருந்தது ஒரே ஒரு கேபிள். 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வெடித்தபோது அது அறுந்தது. இணைப்பு மீள ஐந்து வாரங்கள் ஆயின.

கேள்வி: கேபிளில் உயர் மின்னழுத்தம் செல்கிறது என்று படித்தேன். கடலில் குளிப்பவர்களுக்கு இதனால் ஆபத்து உண்டா?

பதில்: மின்சாரம் செல்வது உண்மை. ஒளி, இழைக்குள் போகப்போக மங்கும் என்பதால், ஏறத்தாழ 50 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாகக் கேபிளோடு சேர்த்தே ஒளிப்பெருக்கிகள் பொருத்தப்படுகின்றன. நடுக்கடலில் அவற்றுக்கு மின்சாரம் தர வேறு வழியில்லை. கரையேற்ற நிலையத்திலிருந்துதான் அனுப்ப வேண்டும். மின்னோட்டம் ஒரு ஆம்பியர் அளவில்தான் இருக்கும். ஆனால் பெருங்கடலைக் கடக்கும் கேபிளில் அதைச் செலுத்த 10,000 வோல்ட்டையும் தாண்டிய மின்னழுத்தம் தேவைப்படலாம். இந்தச் சுமையை இரு கரைகளும் பகிர்ந்துகொள்கின்றன: ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் தருகிறது. சுற்றை நிறைவு செய்யும் திரும்பு பாதை கடல்நீரே. அதற்காக ஒவ்வொரு கரையிலும் மின்முனைகளைத் தனியே புதைத்திருப்பார்கள். ஒரு நிலையத்தின் மின்கருவி நின்றுபோனால் மறுகரையின் கருவி முழுச் சுமையையும் ஏற்கும்படி பெரும்பாலான அமைப்புகள் வடிவமைக்கப்படுகின்றன.

குளிப்பவர்களைப் பொறுத்தவரை அச்சத்துக்கு இடமில்லை. மின்கடத்தி தடித்த பாலித்தீன் உறைக்குள் இருக்கிறது. அதற்கு மேல் எஃகுக் கவசம். அதற்கும் மேல் மணல். பழுது பார்க்க வருபவர்களுக்குத்தான் ஆபத்து உண்டு. ஆகவே இரு நிலையங்களும் மின்சாரத்தை நிறுத்தியதை உறுதிசெய்யாமல் எவரும் கேபிளைத் தொடுவதில்லை.

கேள்வி: சுறாமீன்கள் கேபிளைக் கடிக்கின்றனவாமே?

பதில்: 1980களில் கேனரி தீவுகளுக்கு அருகே போடப்பட்ட தொடக்ககால ஒளியிழைக் கேபிள் ஒன்றில் சுறாவின் பற்கள் கிடைத்தது உண்மை. அதன்பின் உறையை வலுப்படுத்தினார்கள். இன்றைய பழுதுக் கணக்கில் சுறாவுக்குச் சொல்லத்தக்க பங்கு இல்லை. மீன்பிடிப் படகின் இழுவலையோடு ஒப்பிட்டால் சுறா அப்பாவி.

கேள்வி: கேபிளுக்காகக் கடற்கரையைத் தோண்டுவதால் சுற்றுச்சூழல் கெடாதா?

பதில்: திறந்த பள்ளம் தோண்டிப் புதைக்கும் முறையில் கெடுதி சிறிது, அது விரைவில் ஆறிவிடும். ஆமைகள் முட்டையிடும் பருவத்தைத் தவிர்ப்பது போன்ற நிபந்தனைகளைப் பல அரசுகள் விதிக்கின்றன. மணல்மேடுகளையும் சாலைகளையும் தொடக்கூடாத இடங்களில், கரைக்குப் பின்புறமிருந்து துளையிட்டு, நிலத்துக்கும் கடற்கரைக்கும் அடியாகக் கடலுக்குள் வெளியேறும் குழாயை முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். கேபிள் அதன் வழியே இழுக்கப்படும். மேற்பரப்பைத் தொடாத முறை என்பதால் இதையே நான் ஏற்றது என்பேன். ஆயினும் இதிலும் விபத்து நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டியர்ரா டெல் மார் என்ற ஊரில் 2020 ஏப்ரலில் துளைக்கருவி கடலடியில் உடைந்தது. உடைந்த குழாய்களும் துளையிடும் சேற்றுக் குழம்பும் அங்கேயே விடப்பட்டதை அறிந்து ஊரார் கொதித்தார்கள். குறை முறையில் மட்டும் இல்லை. நேர்ந்ததை உடனே முழுமையாகச் சொல்லாததே ஊராரை அதிகம் சினங்கொள்ளச் செய்தது.

கேள்வி: கரைக்கு அருகிலேயே கேபிள் அறுந்தால் பழுதுபார்ப்பது எளிதுதானே?

பதில்: இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. நிலையத்திலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது அறுந்த முனையில் மோதித் திரும்ப எடுக்கும் நேரத்தை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். வேலைதான் எளிதில்லை. ஆழ்கடலில் கப்பல் கொக்கியைத் தொங்கவிட்டுக் கேபிளைப் பிடித்து மேலே தூக்கிவிடும். கரையருகே பெரிய கப்பல் நுழைய முடியாது. தட்டைப் படகும் முக்குளிப்பவர்களும் வேண்டும். புதைந்த கேபிளை வெளியே எடுத்து, கவசத்தைக் களைந்து, இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, மறுபடி புதைக்க வேண்டும். இத்தனையும் அலை ஓங்காத நாட்களில்தான் நடக்கும்.

அறுபடாமல் காப்பதே மேல் என்று முடிவு செய்த நாடுகள் சட்டத்தைத் துணைக்கு அழைத்திருக்கின்றன. கடலடிக் கேபிள்களைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 1884இலேயே பாரிஸில் உருவானது. ஆனால் அது நாடுகளின் கடல் எல்லைக்கு வெளியே பொருந்துவது. எல்லைக்குள், அதாவது கேபிளுக்கு ஆபத்து மிகுந்த பகுதியில், அந்தந்த நாட்டின் சட்டமே காப்பு. ஆஸ்திரேலியா 2007இல் சிட்னிக்கும் பெர்த்துக்கும் அருகே கேபிள் பாதுகாப்பு மண்டலங்களை அறிவித்து, அவற்றுக்குள் நங்கூரம் பாய்ச்சுவதையும் இழுவலை வீசுவதையும் தடை செய்தது. மீறுவோருக்குப் பெருந்தொகை அபராதமும் சிறையும் உண்டு. பல நாடுகளில் இத்தகைய மண்டலங்கள் இல்லை. அதோடு, பழுதுபார்க்க வரும் வெளிநாட்டுக் கப்பல் தம் கடற்பகுதிக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் தனி அனுமதி பெற வேண்டும் என்று சில அரசுகள் வலியுறுத்துகின்றன. சில நாட்களில் முடியக்கூடிய வேலைக்காகக் கப்பல் வாரக்கணக்கில் வெளியே காத்திருப்பது இதனால்தான்.