இடைக்கால யூத, கிறிஸ்தவ மெய்யியலின் பொது வேர்கள்: கேள்வி பதில்

கல்லூரி மாணவர் ஒருவர்: ஐயா, பழைய ஏற்பாடு யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொது. இடைக்காலத்தில் இரு தரப்பினரும் வளர்த்த சமய மெய்யியலுக்கும் அதுதானே வேர்?

பதில்: பாதி சரி. உலகம் படைக்கப்பட்டது என்னும் வேதத்தையும், உலகம் தொடக்கமற்றது என்று வாதிடும் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டிலையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தவர்களுக்கு நேர்ந்த இக்கட்டிலிருந்துதான் இந்த மெய்யியல் பிறந்தது. அந்த அரிஸ்டாட்டில் இருவரையும் வந்தடைந்த வழியும் பெருமளவு ஒன்றே. 9ஆம் நூற்றாண்டுப் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்ற, சிரியாக் மொழி வழிபாட்டுக் கிறிஸ்தவர்கள் கிரேக்க நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தார்கள். அல் ஃபாராபி, இப்னு சீனா போன்ற முஸ்லிம் அறிஞர்கள் அந்தச் சிந்தனையை வளர்த்தெடுத்தார்கள். யூதர்கள் அதை அரபியிலேயே படித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் அந்நூல்கள் பல லத்தீனுக்கு மாறின. ஆகவே இஸ்லாமிய உலகை விட்டுவிட்டு இவ்விரு சமயங்களின் பொது வேரைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வாசகி ஒருவர்: யூதர் எழுதியது என்று தெரியாமலே ஒரு நூலைக் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் படித்தார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த சாலமோன் இப்னு கபிரோல் அரபியில் எழுதிய ‘வாழ்வின் ஊற்று’ என்ற நூலே அது. வேத வசனம் எதையும் மேற்கோள் காட்டாமல், உருவம், பருப்பொருள் என்று தருக்க நடையிலேயே அது செல்வதால், ‘அவிசெப்ரோன்’ என்ற பெயரில் லத்தீனில் வந்தபோது எழுதியவரின் சமயத்தைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போயிற்று. பாரிஸ் ஆயராக இருந்த வில்லியம் அவரைக் கிறிஸ்தவர் என்றே கருதினார். தேவதூதர்களுக்கும் ஒருவகைப் பருப்பொருள் உண்டு என்ற கபிரோலின் கொள்கையைப் பிரான்சிஸ்கன் துறவிகள் பலர் ஏற்றார்கள். டொமினிக்கன் துறவியான தோமா அக்குவினாஸ் கடுமையாக மறுத்தார். 1846இல்தான் சாலமோன் முங்க் என்ற அறிஞர், பாரிஸில் இருந்த எபிரேயக் கையெழுத்துப்படி ஒன்றிலுள்ள பகுதிகளை லத்தீன் நூலோடு ஒப்பிட்டு, அவிசெப்ரோனும் கபிரோலும் ஒருவரே என்று நிறுவினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கபிரோலின் எபிரேயப் பாடல்கள் யூதத் தொழுகைக்கூடங்களில் இடையறாது ஒலித்துக்கொண்டிருந்தன.

இறையியல் பயில்பவர்: அக்குவினாஸ் மைமோனிடஸிடமிருந்து எதைப் பெற்றார், எங்கே விலகினார்?

பதில்: கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்தாத்தில் 1204இல் மறைந்த யூத மெய்யியலாளர் மைமோனிடஸின் ‘குழம்பியோர்க்கு வழிகாட்டி’ சில பத்தாண்டுகளுக்குள் லத்தீனுக்கு வந்துவிட்டது. அக்குவினாஸ் அவரை ‘ரபி மோசே’ (ரபி என்றால் யூத சமய ஆசான்) என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். உலகிற்குத் தொடக்கம் உண்டு என்பதையோ இல்லை என்பதையோ பகுத்தறிவால் ஐயமற நிறுவ முடியாது என்பதில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

விலகுவது கடவுளைப் பற்றிய சொற்களில். கடவுள் நல்லவர் என்றால் அவரிடம் தீமை இல்லை என்பதாகவோ, அவருடைய செயல்களைச் சொல்வதாகவோ மட்டுமே கொள்ள வேண்டும் என்பது மைமோனிடஸின் நிலை. அக்குவினாஸுக்கு அது போதவில்லை. மனிதரிடம் காணும் நன்மை குறைபட்ட நிழல், கடவுளிடம் இருப்பது அதன் மூலம், ஆகவே அச்சொல் அரைகுறையாகவேனும் அவரைச் சுட்டுகிறது என்கிறார். ஆனால் யாத்திராகமம் 3:14இல் வரும் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்ற வசனத்தைக் கடவுளின் இருப்பையே குறிக்கும் பெயராக இருவரும் விளக்குகிறார்கள். யூதர்கள் உச்சரிக்காத, கடவுளின் நான்கெழுத்து எபிரேயப் பெயருக்கு அக்குவினாஸ் தனி இடம் தரும்போது மைமோனிடஸின் விளக்கம் அப்படியே எதிரொலிக்கிறது. அக்குவினாஸுக்கு எபிரேயம் தெரியாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொருவர்: யூதர்கள் கிறிஸ்தவர்களைப் படித்தார்களா?

பதில்: குறைவாக, ஆனால் படித்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் யூதா ரொமானோ அக்குவினாஸின் சில பகுதிகளை எபிரேயத்தில் பெயர்த்தார்.

அதே வாசகி: இத்தனை நெருக்கம் இருந்தும் பகை குறையவில்லையே?

பதில்: குறையவில்லை. 1242இல் பாரிஸில் யூதரின் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத்தின் ஏடுகள் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டன. அக்குவினாஸ் அந்நகருக்குப் படிக்க வந்தது சில ஆண்டுகள் கழித்து. தத்துவம் படித்தவர்களைச் சொந்தச் சமூகங்களும் நம்பவில்லை. 1277இல் பாரிஸ் ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்தார். 1305இல் பார்சிலோனாவின் ரபிகள், 25 வயதுக்கு உட்பட்டவர்கள் கிரேக்கத் தத்துவ நூல்களைத் தொடக்கூடாது என்று தடை விதித்தார்கள். மருத்துவ நூல்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்.