ரகசியத்தைக் கசியவிட்டால் தேசத்துரோகமா?

கேள்வி: அமெரிக்காவில் உயரதிகாரி யாராவது அரசு ரகசியத்தைப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டால், உடனே 'தேசத்துரோகி' என்கிறார்கள். சட்டமும் அப்படித்தான் சொல்கிறதா? நான் அங்கே உளவுத்துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தில் இருக்கிறேன். முறைகேடு ஏதும் கண்ணில் பட்டால் யாரிடம் போவது?

பதில்: இல்லை, அது தேசத்துரோகம் ஆகாது. அமெரிக்க அரசியல் சாசனம் தானே வரையறுத்திருக்கும் ஒரே குற்றம் தேசத்துரோகம். நாட்டின் மீது போர் தொடுப்பது அல்லது எதிரிகளோடு சேர்ந்து அவர்களுக்கு உதவுவது, இந்த இரண்டு மட்டும்தான். ஒரே செயலை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும். இல்லையென்றால் திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்சியாளர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்கள் மீதெல்லாம் இந்தப் பழியைச் சுமத்திவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு இறுக்கம். அது சரியென்றே நானும் நம்புகிறேன். சோவியத் யூனியனுக்கு அணுகுண்டு ரகசியம் கொடுத்ததாக 1953இல் மின்சார நாற்காலிக்கு அனுப்பப்பட்ட ரோசன்பர்க் தம்பதி மீதுகூட உளவுச் சதிக் குற்றச்சாட்டுதான் இருந்தது.

கசியவிட்டவர்கள் மீது வழக்கமாகப் பாய்வது 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டம். பத்திரிகைக்குச் சொன்னால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 10 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டு அரசிடம் கொடுத்தால் ஆயுள், சில நேரம் மரண தண்டனையே வரலாம். 'மக்கள் நலனுக்காகச் சொன்னேன்' என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

ஆனால் பதவிக்குத் தகுந்தபடி சட்டம் வளைகிறது; என் மனதை உறுத்துவது அதுதான். ராணுவத் தளபதியாக இருந்து பின்னர் சிஐஏ இயக்குநரான டேவிட் பெட்ரேயஸ், அந்தப் பதவியை ஏற்பதற்குச் சற்று முன், தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்ணிடம் 8 குறிப்பேடுகளைக் கொடுத்தார். ரகசிய அதிகாரிகளின் பெயர்களும் போர் வியூகங்களும் அவற்றில் இருந்தன. விசாரணையில் எஃப்பிஐயிடம் பொய்யும் சொன்னார். 2015 ஏப்ரலில் அவருக்குக் கிடைத்தது 2 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1 லட்சம் டாலர் அபராதமும்தான்; சிறை இல்லை. அடுத்த மாதமே, ஈரான் அணுத்திட்டத்தைக் குறிவைத்த நடவடிக்கை பற்றி நிருபரிடம் சொன்னதாக, சிஐஏயின் முன்னாள் ஊழியர் ஜெஃப்ரி ஸ்டெர்லிங்குக்கு 42 மாதச் சிறை. வேறு நீதிமன்றம், வேறு பிரிவுகள் என்று விளக்கம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

இனி உங்கள் விஷயம். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, உளவு அமைப்புகளின் ஒப்பந்த ஊழியர்களும் அந்த அமைப்பின் முறைகேடுகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் வழியாக நாடாளுமன்றத்தின் உளவுத்துறைக் குழுக்களுக்கும் கொண்டுபோகலாம். முதலில் இத்துறையில் அனுபவமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள். ரகசியம் பார்க்கும் அரசு அனுமதி அவருக்கு இல்லையென்றால், ரகசிய விவரம் எதையும் அவரிடமும் சொல்லாதீர்கள். நிருபரிடம் பேசினால் இந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. புகாருக்கு ஆதாரம் என்று நினைத்து ஒரு காகிதத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துவராதீர்கள், கைப்பேசியில் படமும் எடுக்காதீர்கள்; அதுவே தனிக் குற்றம்.