மணியடித்ததும் கைகழுவ முடிந்ததா?: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளில் மாணவர்களை டாக்டர்கள் எத்தனை முறை பரிசோதித்தார்கள்?

பதில்: பொதுவாக மூன்று முறை: பள்ளியில் சேரும்போது, தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டில், பள்ளியை விட்டுப் போகும் முன். பரிசோதனை 1907 சட்டத்திலேயே வந்துவிட்டது. இலவச சிகிச்சைக்கும் வழிசெய்தது 1944 கல்விச் சட்டம். உயரம், எடை, 6 மீட்டர் தள்ளி மாட்டிய எழுத்து அட்டையில் பார்வை, காது, தொண்டைச்சதை, இதயம், நுரையீரல், பாதம் எல்லாம் பார்ப்பார்கள். உடல்நிலைக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டதுதான் பலவீனமான இடம். ஒரு டாக்டரின் ‘பி’ இன்னொருவருக்கு ‘சி’. இரண்டு ஊர்க் கணக்கை ஒப்பிடவே முடியாது. 1950களின் நடுவில் அந்த முறையைக் கைவிட்டது சரியான முடிவு.

கேள்வி: பேன் பார்க்க நர்ஸ் வருவாராமே?

பதில்: ஆமாம். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடியை விலக்கி, வேரோடு ஒட்டிய ஈரைத் தேடுவார். பேன் இருந்தால் பெற்றோருக்கு நோட்டீஸ் போகும். சுத்தம் செய்யக் குறைந்தது 24 மணி நேர அவகாசம். செய்யாவிட்டால் கல்வி நிர்வாகமே செய்யும். பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவி, வீட்டில் மற்றவர்களை விட்டுவிட்டால் மறுபடி ஏறிவிடும். திரும்பத் திரும்ப அதே பிள்ளைகள் அகப்பட்டதற்கு இது முக்கியக் காரணம்.

கேள்வி: கிராமப் பள்ளிகளின் எடுப்புக் கக்கூஸை மாற்ற ஏன் அவ்வளவு காலம் பிடித்தது?

பதில்: தண்ணீர்தான் காரணம். குழாய்த் தண்ணீர் வராத ஊரில் பிளஷ் தொட்டி வைத்து என்ன பயன்? கிராமக் குடிநீருக்கும் சாக்கடைக்கும் மானியம் தரும் சட்டம் 1944-இல் வந்தது. ஆனால் போர் முடிந்ததும் இரும்பு, சிமெண்ட், ஆள் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. 1947-இல் பள்ளியை விட்டுப் போகும் குறைந்தபட்ச வயதை 15 ஆக்கியதால் கூடுதல் வகுப்பறையும் கட்ட வேண்டியிருந்தது.

சாக்கடை எட்டாத இடத்தில் செப்டிக் டேங்க் கட்டினார்கள். அதில் கூரை மழைநீரை விட்டால், மலம் அடியில் தங்காமல் வெளியேறும். கிருமிநாசினியை அளவில்லாமல் ஊற்றினால், மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். பழைய நகரப் பள்ளிகளில் இன்னொரு தொல்லை: பல இருக்கைகளுக்கு அடியில் ஒரே நீண்ட தொட்டி, ஓரத்தில் தானாகக் கொட்டும் தண்ணீர்த் தொட்டி. அது நிறைந்து கொட்டும்வரை எல்லாம் அப்படியே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு இருக்கைக்கும் தனி பிளஷ் வைப்பதுதான் முறையான திருத்தம். கழிப்பறை முற்றத்தின் கோடியில் இருந்ததால் குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும். குழாய்க்குச் சாக்கு சுற்றுவதைவிட அறையை லேசாகச் சூடாக்குவதே பலன் தரும்.

பிளஷ் வந்த பிறகும் சீதபேதி நிற்கவில்லை. 1950களில் சோன்னே என்ற சீதபேதிக் கிருமி இருக்கை, பிளஷ் சங்கிலிப் பிடி, கை என்று தொற்றிப் பரவியது. கைகழுவும் தொட்டி கழிப்பறைக்கு அருகிலேயே இருக்கவேண்டும். வெந்நீரும் சோப்பும் வேண்டும். எல்லோரும் துடைக்கும் உருளைத் துண்டு கூடவே கூடாது. அதன் வழியாகக் கண்நோயும் தோல் கொப்புளமும் பரவும். ஒரு வகுப்பே இரண்டு தொட்டிக்கு வரிசை நின்றால், மணியடித்ததும் பாதிப் பேர் கழுவாமலே சாப்பிடப் போவார்கள்.