‘உடம்பு போட்டுட்டியே!’ – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 27 வயது. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி, பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, “பொண்ணு தங்கமான பொண்ணுதான், கொஞ்சம் உடம்பைக் குறைச்சா பார்க்கலாம்” என்று தரகரிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அத்தையிலிருந்து பக்கத்து வீடு வரை ஆளாளுக்குக் கொள்ளு, வெந்நீர் என்று வைத்தியம் சொல்கிறார்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன். – பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: முதலில் கல்யாண வீடுகளுக்குப் போங்கம்மா. நீங்கள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஜாங்கிரித் தட்டோடு வருகிறவர் பக்கத்து இலையில் கேட்காமலே வைப்பார், உங்கள் இலைக்கு வந்ததும் ஒரு நொடி நின்று முகத்தைப் பார்ப்பார், அதற்குள் எதிர்வரிசையில் ஒரு பெரியப்பா “அதுக்கு எதுக்குப்பா, ஏற்கெனவே நல்லாத்தானே இருக்கு” என்பார், நாலு பேர் சிரிப்பார்கள். அந்தப் பெரியப்பா சட்டைப்பையில் சர்க்கரை மாத்திரையை வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை பாயசம் வாங்குவது மட்டும் யார் கண்ணிலும் படாது. “வைங்கண்ணே” என்று சொல்லி வாங்கிச் சாப்பிடுங்கள்.

“அக்கறையிலதானே சொல்றோம்” என்பார்கள். அக்கறை உள்ளவர் பந்தியில் வைத்துச் சொல்வாரா? கேலிக்கு ஆளாகிறவர்கள் இளைப்பதில்லை, பல நேரம் இன்னும் எடை கூடுகிறார்கள், நடைப்பயிற்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகக் கூசுகிறார்கள் என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

தரகரிடம் உங்கள் முழு உருவப் படத்தைக் கொடுங்கள், போன மாதம் எடுத்ததாக இருக்கட்டும். உடம்பைப் பற்றிப் பேச்சு இருக்கிறவர்கள் படத்தைப் பார்த்ததோடு நின்றுகொள்ளட்டும், படியேற வேண்டாம் என்று அப்பாவை விட்டே சொல்லச் சொல்லுங்கள். ‘குறைச்சா பார்க்கலாம்’ என்கிற வீட்டில் நீங்கள் நாளைக்கு ஒரு பிள்ளை பெற்று உடம்பு போட்டால் என்ன பேச்சு வரும் என்று அம்மாவையும் யோசிக்கச் சொல்லுங்கள்.

இதில் ‘சிலை மாதிரி பொண்ணு வேணும்’ என்று ஒரு கூட்டம் வேறு. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துத் ‘தாளம்’ என்கிற சிற்ப அளவுக் கணக்குப்படி முகம் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று அளவு குறித்துச் செய்கிறார்கள். அது வெண்கலத்துக்கு. மனுஷிக்கு எந்த ஓலையை மடித்தார்களாம்?

கேள்வி: ஏழாவது படிக்கும் என் மகனைப் பள்ளியில் எல்லோரும் ‘குண்டு’ என்றே கூப்பிடுகிறார்கள். பி.டி. வாத்தியாரும் அப்படித்தான். எங்கள் வீட்டுக் குண்டுப் பையன் அழுதுகொண்டு வருகிறான். – ஒரு அம்மா, திருவாரூர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியை ஒருமுறை படியுங்கள். செல்லமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அதை வீட்டில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். நம் சினிமாவே குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன் என்று உடம்பைப் பெயருக்கு முன்னால் ஒட்டிப் பழக்கியதுதான், வாத்தியார் எங்கிருந்து கற்றார் என்று ஆராய வேண்டாம். “சார், அவனுக்குப் பேர் இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிடுங்க” என்று நேரில் சொல்லுங்கள். மாறவில்லை என்றால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். அப்புறம், பையனை ஓட்டத்தில் கடைசி ஆளாக நிறுத்திச் சிரிப்பு காட்டாமல் விளையாட விடுகிறார்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: குண்டாக இருப்பதை ஏற்றுக்கொள் என்பதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன். சர்க்கரை, பிரஷர் வந்தால் யார் பொறுப்பு? சோம்பேறித்தனத்துக்கு நீங்கள் வக்காலத்து வாங்கலாமா? – ஓய்வு பெற்ற அரசு ஊழியர், கும்பகோணம்

பதில்: வெளிநாட்டில் ஆரம்பித்தது உண்மைதான் ஐயா. 1967-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சுமார் 500 பேர் கூடி டயட் புத்தகங்களைக் கொளுத்தினார்கள், 1969-இல் அமெரிக்காவில் இதற்கென்றே சங்கம் வைத்தார்கள். எடையைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று மிச்சிகன் மாநிலம் 1976-இலும், வேலையோடு வாடகை வீட்டையும் சேர்த்து நியூயார்க் நகரம் 2023-இலும் சட்டம் போட்டன. நம்மூர் மினி பஸ்ஸில் “ரெண்டு டிக்கெட் போடவாக்கா?” என்று கண்டக்டர் கேட்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

எடை கூடினால் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி வரும் வாய்ப்பு கூடும். மறுக்கவில்லை. ஆனால் டாக்டர்கள் பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கு (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்), 1830-களில் பெல்ஜியத்துப் புள்ளியியல்காரர் கெட்லே ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியபோது கண்டது. அவர் வைத்தியர் இல்லை. 1972-இல்தான் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அதற்கு இந்தப் பெயரை வைத்தார், அதுவும் மக்கள் கூட்டத்தை ஆராய்வதற்காக. 1998-இல் அமெரிக்காவில் அதிக எடைக்கான எல்லையை 25-க்கு இறக்கியபோது, ஒரு கிராம்கூடக் கூடாத கோடிக்கணக்கானவர்கள் ஒரே நாளில் ‘அதிக எடை’ ஆகிவிட்டார்கள். நமக்கோ 23 தாண்டினாலே எச்சரிக்கை, ஏனென்றால் குறைந்த எடையிலேயே நம்மவர்களுக்குச் சர்க்கரை வருகிறது. அதாவது ஒல்லியாக இருப்பவரும் ரத்தம் பரிசோதிக்க வேண்டியவர்தான். அவரை யாரும் சோம்பேறி என்பதில்லை.

சோம்பேறி என்றீர்களே, குறுவை நடவு நடக்கும்போது ஒருமுறை வயல் பக்கம் போய்ப் பாருங்கள். சேற்றில் குனிந்தால் மதியம்வரை நிமிராத பெண்களில் கனத்த உடம்புக்காரர்களும் இருப்பார்கள். வரப்பில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், பதில் அங்கேயே கிடைக்கும்.

இதைப் படிக்கும் பருமனானவர்களுக்கு இரண்டு விஷயம். முழங்கால் வலி என்று போனால் தொட்டுக்கூடப் பார்க்காமல் “முதல்ல வெயிட்டைக் குறைங்க” என்று அனுப்புகிற டாக்டரிடம், “ஒல்லியா இருக்கிறவங்க இதே வலியோட வந்தா என்ன டெஸ்ட் எழுதுவீங்க டாக்டர், அதை எனக்கும் எழுதுங்க” என்று கேளுங்கள். பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றுகிற பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மேடம், உங்கள் எடை என்ன? – திருவையாறு வாசகர்

பதில்: சொன்னால் மேலே எழுதியதையெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் படிப்பீர்கள். குறைவு என்றால் ‘இவளுக்கென்ன தெரியும்’, அதிகம் என்றால் ‘அதான் இப்படி எழுதறா’. சொல்வதாக இல்லை.