வாசகர் கேள்வி–பதில்: வாட் கணக்கும் காதின் கணக்கும்

கேள்வி: என் ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் 50 வாட் தரக்கூடியது. ஸ்பீக்கர்களின் உணர்திறன் 86 டெசிபல் என்று அவற்றுடன் வந்த குறிப்பேட்டில் இருக்கிறது. நான் அமரும் இடத்திலிருந்து அவை 3 மீட்டர் தள்ளி உள்ளன. 200 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு மாறினால் சத்தம் நான்கு மடங்கு ஆகுமா? ஒலியின் தரமும் உயருமா?

பதில்: நான்கு மடங்கு ஆகாது, இரண்டு மடங்குகூட ஆகாது. திறன் இரட்டித்தால் ஒலி அளவு 3 டெசிபல் உயரும். பத்து மடங்கானால் 10 டெசிபல் உயரும். அந்த 10 டெசிபல் உயர்வைத்தான் பெரும்பாலானோர் ‘இரு மடங்கு சத்தம்’ என்று உணர்கிறார்கள். 50 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குப் போவது 6 டெசிபல் உயர்வு. கேட்டால் தெரியும், அவ்வளவுதான்.

உங்கள் அறையின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 86 டெசிபல் என்றால், ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் அந்த அளவு கிடைக்கும் என்று பொருள். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். திறந்த வெளியானால் 3 மீட்டர் தூரத்துக்குள் 9.5 டெசிபல் குறைந்துவிடும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு அவ்வளவு இராது. 6 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதால் 3 டெசிபல் திரும்பக் கிடைக்கிறது. ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1 வாட் கொடுத்தாலே நீங்கள் அமரும் இடத்தில் 83 டெசிபல் கேட்கும். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவு அது.

அப்படியானால் மீதி 49 வாட் எதற்கு என்று கேட்பீர்கள். இசையின் சராசரி அளவுக்கும் அதன் உச்சங்களுக்கும் இடையே நல்ல பதிவுகளில் 15 முதல் 20 டெசிபல் வரை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்காகத்தான் ஆம்ப்ளிஃபயருக்குத் திறன் வேண்டும். ஸ்பீக்கர் முனைகளில், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை இணைத்து, பியானோவும் பெருமுரசும் கலந்த ஒரு பதிவை ஒலிக்கவிட்டுப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான நேரம் கோடு 2, 3 வோல்ட்டுக்குள் நெளிந்துகொண்டிருக்கும். முரசில் கோல் விழும் கணத்தில் மட்டும் ஒரு முள்போல எழுந்து 30 வோல்ட்டைத் தொட்டுவிட்டு, கண் இமைப்பதற்குள் அடங்கிவிடும். 20 டெசிபல் உச்சம் என்பது மின்னழுத்தத்தில் பத்து மடங்கு, அதாவது 2.83 வோல்ட் 28.3 வோல்ட் ஆவது. உங்கள் 50 வாட் ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் தரக்கூடிய உச்ச மின்னழுத்தமும் ஏறத்தாழ அதே 28.3 வோல்ட்தான்.

ஆகவே 83 டெசிபல் சராசரியில் கேட்கும் வரை உங்களிடம் இருப்பது போதும், ஆனால் மிச்சம் எதுவும் இல்லை. நீங்கள் 89 டெசிபலில் கேட்பவரானால் உச்சங்கள் வெட்டுப்படும். அப்போது 200 வாட் உண்மையிலேயே பயன்படும், முரசின் அடி மழுங்காமல் ஒலிப்பதில் தர வேற்றுமையும் தெரியும். 83 டெசிபலிலோ அதற்கும் குறைவாகவோ கேட்பவருக்கு, கூடுதல் வாட் என்பதற்காக மட்டும் தரம் உயராது. இன்னொரு வழியும் உண்டு: 92 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கருக்கு மாறினால், இதே 50 வாட்டில் அதே 6 டெசிபல் கிடைத்துவிடும். ஒலியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஸ்பீக்கர்தான் என்பதால், நான் இரண்டாவது வழியைத்தான் முதலில் யோசிப்பேன்.

கேள்வி: அட்டைப்பெட்டியில் ‘2,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருக்கிறது. கருவியின் பின்பக்கத்தில் மின் நுகர்வு 60 வாட் என்றிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: பின்பக்கத்தை. பி.எம்.பி.ஓ. (பீக் மியூசிக் பவர் அவுட்புட், அதாவது இசையின் உச்சத் திறன்) என்ற எண்ணுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை கிடையாது. அதை வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடவும் முடியாது. மின் இணைப்பிலிருந்து வாங்கும் திறனைவிட அதிகமாக எந்த ஆம்ப்ளிஃபயரும் தொடர்ந்து வெளியே தர முடியாது. முறையான கருவிகளிலும் பின்பக்க எண் சாதாரண இசைக்கான சராசரி நுகர்வாக இருப்பதுண்டு, ஆகையால் அதைக் கொண்டு துல்லியமான கணக்குப் போட முடியாது. எனினும் 60க்கும் 2,000க்கும் உள்ள தூரத்தை அந்த விளக்கம் நிரப்பிவிடாது. வாட் எண் எதைப் பார்த்தாலும், அது எத்தனை ஓமில், இரு சேனல்களும் ஒருசேர இயங்கும்போதா, எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபுடன் (ஒலி மூலத்திலிருந்து எவ்வளவு மாறி) என்ற நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். அமெரிக்காவில் விளம்பரங்கள் இவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று 1974ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. அந்த அளவுக்கு அன்றே வாட் கணக்கு வரம்பு மீறிப் போயிருந்தது.

கேள்வி: குறைந்த வாட் ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரைக் கெடுக்கும், அதிக வாட் கெடுக்காது என்கிறார்களே, அது எப்படி?

பதில்: இரண்டும் கெடுக்கும், இரண்டும் பெரும்பாலும் வெப்பத்தால்தான் கெடுக்கும். சிறிய ஆம்ப்ளிஃபயரின் குமிழை அதன் எல்லைக்கு மேல் திருப்பும்போது, பாஸ் எனப்படும் தாழ்சுருதி ஒலிகளின் பெரிய அலைகள் மேலே உயர இடமின்றித் தட்டையாக வெட்டுப்படுகின்றன. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். ஆனால் சிறிய அலைகளாக இருக்கும் உயர்சுருதி ஒலிகள், குமிழைத் திருப்பத் திருப்ப வளர்ந்துகொண்டே போகும். வெட்டுப்பட்ட விளிம்புகளிலிருந்து பிறக்கும் புதிய அதிர்வெண்களும் அவற்றுடன் சேரும். இவையெல்லாம் போய்ச் சேரும் இடம், ஸ்பீக்கர் பெட்டிக்குள் உயர்சுருதியை மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியான ட்வீட்டர். ஸ்பீக்கர் பெட்டியில் 100 வாட் என்று எழுதியிருந்தாலும், அதன் ட்வீட்டர் மட்டும் தொடர்ந்து தாங்குவது அதில் ஒரு சிறு பங்குதான்.

இது எனக்கே நேர்ந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், 25 வாட் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு, ஆட்கள் நிறைந்த கூடத்தில் எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்று குமிழை மேலும் மேலும் திருப்பினேன். மறுநாள் காலையில் இடப்பக்க ஸ்பீக்கரில் பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ‘ஸ’ என்ற எழுத்தின் சீறல் மட்டும் அடியோடு காணவில்லை. ட்வீட்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது அதன் கம்பிச் சுருளான காயில் அறுந்துபோயிருந்தது. முதல்நாள் இரவே ஒலி கரகரக்கத் தொடங்கியதை நான் கவனித்திருந்தேன். அப்போதே குமிழைக் குறைத்திருக்க வேண்டும்.

பெரிய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் இந்த வெட்டு நேராது. ஆனால் அது தூய ஒலியாகவே அளவுக்கு மீறிய வெப்பத்தை ஏற்றிவிட முடியும். செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் உயரும். காயில் 100 டிகிரி சூடேறினால் மின்தடை 40 சதவீத அளவுக்கு ஏறி, ஒலி தானே தாழும். அதை ஈடுகட்ட இன்னும் குமிழைத் திருப்புபவர்களே பெரிய ஆம்ப்ளிஃபயரில் காயிலை எரிக்கிறார்கள்.

கேள்வி: கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயரின் இனிமை கிளாஸ் டி-யில் வராது என்பது உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் இதற்குக் காரணம் இருந்தது. கிளாஸ் ஏ-யில் டிரான்சிஸ்டர்கள் இசை ஒலிக்காத போதும் முழு மின்னோட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. அதன் அதிகபட்சச் செயல்திறன் ஏட்டளவிலேயே 50 சதவீதம்தான். சேனலுக்கு 50 வாட் தரும் ஸ்டீரியோ கருவி சும்மா இருக்கும்போதே 200 வாட்டுக்குமேல் வெப்பமாக வெளியிடும். அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கும் கிளாஸ் பி-யில் செயல்திறன் 78.5 சதவீதம் வரை போகலாம். ஆனால் சுமை கைமாறும் சுழிப் புள்ளியில் ஒரு சிறு தடுக்கல் விழுகிறது. இதைத் தவிர்க்கத்தான் இரண்டுக்கும் எப்போதும் கொஞ்சம் மின்னோட்டம் கொடுத்து வைக்கும் கிளாஸ் ஏபி வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிளிப்பிங் பெரிய ஒலியில் வரும் குறை. இந்தத் தடுக்கலோ ஒலி குறையும்போது அதே விகிதத்தில் குறைவதில்லை, ஆகவே மெல்லிய ஒலியில்தான் எடுப்பாகத் தெரியும். முந்தைய கணக்கில் பார்த்தபடி நாம் பெரும்பாலும் 1 வாட்டைச் சுற்றியே கேட்கிறோம். ஆதலால் 300 வாட் ஆம்ப்ளிஃபயர் 300 வாட்டில் எவ்வளவு திரிபு தருகிறது என்பதைவிட, 1 வாட்டில் எவ்வளவு தருகிறது, பின்னணி இரைச்சல் எவ்வளவு என்பதையே நான் முதலில் தேடிப் படிப்பேன்.

கிளாஸ் டி-யில் உள்ள ‘டி’ டிஜிட்டலைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ‘சி’-க்கு அடுத்த எழுத்து என்பதே அதன் பொருள். அதில் டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை முழுதாகத் திறந்து மூடுகின்றன; செயல்திறன் 90 சதவீதத்தை எட்டும். வெளியேறும் முன் அலையைச் சீராக்கும் வடிகட்டி, பழைய வடிவமைப்புகளில் ஸ்பீக்கரின் ஓம் மாறுவதற்கேற்ப உயர்சுருதியைக் கூட்டியும் குறைத்தும் காட்டியது. பெல் ஆய்வகத்தில் ஹெரால்ட் பிளாக் 1927இல் கண்டறிந்த எதிர்ப் பின்னூட்டத்தை (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பி அனுப்பிப் பிழையைக் குறைக்கும் முறையை) அந்த வடிகட்டிக்கும் அப்பாலிருந்து எடுக்கத் தொடங்கிய பிறகு, அந்தக் குறை பெருமளவு நீங்கிவிட்டது. இன்றைய நல்ல கிளாஸ் டி-யை எழுத்தைப் பார்த்து ஒதுக்குவது சரியன்று.

கேள்வி: 8 ஓமில் 100 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் முறையில் இணைத்து, என் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். இரண்டு சேனல்களும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை இயக்கும் பிரிட்ஜ் இணைப்பில் ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் எதிர்கொள்ளும்; உங்கள் 4 ஓம் அதற்கு 2 ஓமாகத் தெரியும். ‘4 ஓம்’ ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 3 ஓமுக்கும் கீழே இறங்குவதுண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2 ஓம் சுமையைத் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதித் தந்திருந்தாலொழிய, பாதுகாப்புச் சுற்று அடிக்கடி துண்டிக்கும் அல்லது டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

கேள்வி: என் அறையில் பாஸ் குமுறுகிறது. டேம்பிங் ஃபேக்டர் 100 உள்ள ஆம்ப்ளிஃபயரை மாற்றி, 500 உள்ளதை வாங்கினால் இறுகுமா?

பதில்: இறுகாது. ஸ்பீக்கரின் ஓமை ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடையால் வகுத்தால் வருவதே டேம்பிங் ஃபேக்டர். 8 ஓமுக்கு 100 என்றால் 0.08 ஓம், 500 என்றால் 0.016 ஓம். ஆனால் அதே சுற்றில் ஸ்பீக்கர் காயிலின் சொந்த மின்தடையே 6 ஓம் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. 6.08 எங்கே, 6.016 எங்கே? ஏறத்தாழ 1 சதவீத வேறுபாடு. கம்பியையும் கணக்கில் எடுங்கள்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் போனால், போக வர 10 மீட்டருக்கு 0.07 ஓம் ஆகும், 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியானால் 0.35 ஓம். கம்பி மெல்லியதாக இருந்தால் அதை மாற்றுங்கள். வெளியீட்டு மின்தடை 1 ஓமையும் தாண்டும் சில வால்வு (டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய் கொண்ட) ஆம்ப்ளிஃபயர்களில்தான் இந்த எண் காதுக்குத் தெரியும் மாற்றத்தைச் செய்கிறது.

உங்கள் குமுறல் பெரும்பாலும் அறையிலிருந்து வருகிறது. 5 மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 69, 103 ஹெர்ட்ஸிலும் ஒலி இரு சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். பின்சுவரை ஒட்டி அமர்ந்திருந்தால் இவை எல்லாமே அங்கே உச்சத்தில் இருக்கும். இருக்கையை முதலில் அரை மீட்டர், பிறகு ஒரு மீட்டர் முன்னே இழுத்து, ஒரே பாடலை மறுபடி மறுபடி கேட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர்களையும் மூலையிலிருந்து நகர்த்துங்கள். எந்த ஆம்ப்ளிஃபயரும் தராத மாற்றத்தை இந்த ஒரு மீட்டர் தருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேள்வி: இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை மாற்றி மாற்றிக் கேட்டேன். பெரியதில் ஒலி விரிந்து, ஆழமாக இருந்தது. நண்பரோ எல்லாம் மனப்பிரமை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் ஒலி அளவையும் சமப்படுத்தினீர்களா என்பதைப் பொறுத்தது. பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் பெருக்கம் அதிகமாக இருப்பது வழக்கம். குமிழ் அதே இடத்தில் இருந்தாலும் அது 1 அல்லது 2 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். அந்தச் சிறு உயர்வை நம் காது ‘சத்தம்’ என்று அடையாளம் காண்பதில்லை. நிறைவு, ஆழம், தெளிவு என்றே பெயரிடுகிறது. ஒலி உயரும்போது பாஸ் நமக்குக் கூடுதலாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்தே காட்டினார்கள்.

நண்பர் சொல்வதும் முழு உண்மை ஆகாது. வெளியீட்டு மின்தடை, இரைச்சல், கிளிப்பிங் மூன்றும் கேட்கக்கூடிய வேறுபாடுகளைத் தரும். ஆனால் அவை அளக்கவும் ஈடுசெய்யவும் கூடியவை. 1985இல் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், அமெரிக்க ஒலியியல் இதழான ‘ஸ்டீரியோஃபைல்’ தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலியைத் தம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுவருவதாகச் சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிஞ்சும் ஒலி அநேகமாக மறையும்வரை தம்முடையதில் சிறுசிறு மாற்றங்கள் செய்தார். இறுதியில் அந்த இதழினரால், தங்கள் அறையில் தங்கள் கருவிகளுடன் கேட்டும், எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டிலேயே சோதிக்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை மிதமாக ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். முதல் ஆம்ப்ளிஃபயர் 2.00 வோல்ட் காட்டினால், இரண்டாவதை 1.98க்கும் 2.02க்கும் இடையே கொண்டுவாருங்கள், அது 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். அதன்பின் எது ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றித் தரட்டும்; பத்து, பதினைந்து முறை கேட்டு ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.